40 மீட்டரில் நின்றுபோகும் சென்சார் போர்டு: 75 டெசிபல் எங்கே போயிற்று?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பின் மோட்டார் அறையில் வைப்பதற்காக 35க்கு 25 மிமீ அளவில் ஒரு போர்டு செய்திருக்கிறீர்கள். அதில் ஏடிமெகா328பி என்ற சின்ன கணினிச் சிப், ஆர்எஃப்எம்95டபிள்யூ லோரா மாட்யூல் (குறைந்த சக்தியில் நெடுந்தூரம் அனுப்பும் ரேடியோ), வெப்பமும் ஈரப்பதமும் அளக்கும் பிஎம்இ280 சென்சார், அடிப்பக்கம் சிஆர்2032 காசு செல். ஆன்டெனா, மாட்யூலோடு கடையில் கொடுத்த ஸ்பிரிங். ரிசீவர் இருக்கும் வீடு 250 மீட்டர் தள்ளி. ஆனால் 40 மீட்டர் தாண்டினாலே தரவுப் பாக்கெட் வருவதில்லை. நாலைந்து நாளில் போர்டு தானாக ரீசெட் ஆக ஆரம்பிக்கிறது. 18650 லித்தியம் செல்லும் வோல்டேஜைக் குறைத்து நிலைப்படுத்தும் ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டரும் போட்டுச் செய்த இரண்டாவது போர்டும் மூன்று வாரத்துக்கு மேல் ஓடவில்லை. 1 வாட் மாட்யூல் வாங்கிவிடலாமா, 433 மெகாஹெர்ட்ஸுக்கு மாறிவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

இரண்டுமே வேண்டாம். மாட்யூலில் கோளாறு இருப்பதாகத் தெரியவில்லை. அதைச் சுற்றி நாம் போட்டவைதான் அதன் கையைக் கட்டிப் போட்டிருக்கின்றன. ஒரு சின்னக் கணக்கு போட்டால் இது தெரிந்துவிடும்.

17 டிபிஎம் (1 மில்லிவாட்டை ஆதாரமாக வைத்து டெசிபலில் சொல்லும் அளவு) சக்தியில் அனுப்புகிறீர்கள் என்று வையுங்கள். மாட்யூலுக்குள் இருக்கும் எஸ்எக்ஸ்1276 சிப், எஸ்எஃப்7 (லோராவின் பரவல் எண்; அது ஏற ஏற பாக்கெட் மெதுவாகவும் அதிகத் தூரமும் போகும்), 125 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் மைனஸ் 123 டிபிஎம் வரை கேட்கும். ஆக, கையிருப்பு 140 டெசிபல். 866 மெகாஹெர்ட்ஸ் அலை தடையில்லாத வெளியில் 40 மீட்டர் போவதற்கு ஆகும் இழப்பு 63 டெசிபல். 1 கிலோமீட்டருக்கே 91தான். 40 மீட்டரில் லிங்க் அறுகிறது என்றால் எங்கேயோ 75 டெசிபலுக்கு மேல் காணாமல் போகிறது என்று பொருள். 1 வாட் மாட்யூல் 30 டிபிஎம் தரும். இப்போது இருப்பதைவிட 13 டெசிபல் கூடுதல், அவ்வளவுதான். அதற்காக அரை ஆம்பியருக்குக் குறையாமல் இழுக்கும் ஒரு மாட்யூலைச் சின்ன பேட்டரியில் தொங்கவிட வேண்டுமா?

75 டெசிபல் ஒரே ஓட்டையில் ஒழுகாது. நாலைந்து இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருக்கும். செலவில்லாமல் பார்க்கக்கூடியவற்றை முதலில் பார்ப்போம்.

கோடில் அலைவரிசை என்ன போட்டிருக்கிறீர்கள்? பல லைப்ரரிகளின் உதாரண நிரல்களில் 915 மெகாஹெர்ட்ஸ் என்றே இருக்கும், அமெரிக்கக்காரர்கள் எழுதியது. இந்தியாவில் 890 முதல் 915 வரை செல்போன்கள் டவருக்கு அனுப்பும் பட்டை. அங்கே போய் நிற்கக் கூடாது. சட்டப்படியும் தப்பு, இரைச்சலும் அதிகம். நமக்கு லைசென்ஸ் இல்லாமல் 2005இல் திறந்துவிட்டது 865 முதல் 867 வரையிலான பட்டை, 2021இல் அது 868 வரை நீண்டது. 2005இல் வந்த அறிவிக்கையின்படி டிரான்ஸ்மிட்டர் சக்தி 1 வாட்டுக்குள், ஆன்டெனா ஆதாயத்தோடு சேர்த்து 4 வாட்டுக்குள், கேரியர் அகலம் 200 கிலோஹெர்ட்ஸுக்குள் இருக்க வேண்டும். லோராவில் 125 கிலோஹெர்ட்ஸ் அகலம் இதற்குள் அடங்கும். 250, 500 அடங்காது. லோரா மேல் ஓடும் நெட்வொர்க் முறையான லோராவேனின் இந்திய சேனல்கள் 865.0625, 865.4025, 865.985. நீங்கள் லோராவேன் பயன்படுத்தவில்லை என்றாலும் அக்கம்பக்கத்தில் அது ஓடக்கூடும், 866.5 மாதிரி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். ஆர்எஃப்எம்95டபிள்யூ 868க்கும் 915க்கும் சேர்த்து வருவதால் மாட்யூலை மாற்ற வேண்டியதில்லை. 433க்குப் போனால் கால் அலை நீளம் (அலைநீளத்தில் நான்கில் ஒரு பங்கு, ஆன்டெனாக் கம்பியின் நீளம்) 17 செமீ ஆகிவிடும். உங்கள் போர்டு மனிபர்ஸில் அடங்குகிற அளவு. அந்த யோசனையை இத்தோடு விட்டுவிடலாம்.

அடுத்தது சிப்பில் சக்தி வெளியேறும் கால் (பின்). எஸ்எக்ஸ்1276இல் ரேடியோ சக்தி வெளியே வர இரண்டு வழிகள் உண்டு: ஆர்எஃப்ஓ என்று ஒன்று, பிஏ பூஸ்ட் என்று ஒன்று. ஆர்எஃப்எம்95டபிள்யூ மாட்யூலுக்குள் ஆன்டெனாவோடு இணைத்திருப்பது பிஏ பூஸ்ட்டை மட்டும்தான். லைப்ரரியில் ஆர்எஃப்ஓ தேர்வாகியிருந்தால் சிப் நல்லபடியாக அனுப்பிவிட்டதாகச் சொல்லும், அனுப்பி முடிந்ததைக் காட்டும் டிஐஓ0 காலும் ஒழுங்காக உயரும். வெளியே வருவது கசிவு மட்டும்தான். மேஜையில் எல்லாம் வேலை செய்யும், பக்கத்து அறையிலும் செய்யும், தோட்டத்துக்குப் போனதும் ஊமையாகிவிடும். உங்கள் அறிகுறி கிட்டத்தட்ட இப்படியே இருப்பதால், நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். ஒரு வரி கோடில் சரியாகிவிடும். சரிசெய்ததும் 20 டிபிஎம்முக்குத் தாவாதீர்கள். அந்த அளவில் ஒரு சதவீத நேரத்துக்கு மேல் அனுப்பக்கூடாது, ஆன்டெனா பொருத்தம் மோசமாகவும் இருக்கக்கூடாது என்று சிப் செய்தவர்களே எச்சரித்திருக்கிறார்கள். உங்கள் ஆன்டெனா இப்போது இருக்கிற நிலையில் 17 போதும், 14கூடப் போதும்.

இப்போது ஆன்டெனா. பெரிய இழப்பு இங்கேதான்.

866 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 346 மிமீ, கால் அலை 86.6 மிமீ. கால் அலைக் கம்பி என்பது பாதி ஆன்டெனா. ஒரு கை தட்டினால் ஓசை வராது. மற்ற பாதி உங்கள் போர்டின் கிரவுண்ட் செம்பு. அந்தச் செம்பு உங்கள் போர்டில் நீளவாக்கில் 35 மிமீ. அதிலும் பாதியை டிராக்குகள் கிழித்துப் போட்டிருக்கின்றன. ஸ்பிரிங் ஆன்டெனாவின் நிலை இன்னும் மோசம். அது குட்டையாகச் சுருட்டப்பட்டிருப்பதால் ஒத்திசையும் பட்டை குறுகல். பெரிய கிரவுண்ட் இருக்கும் என்று நினைத்துச் சுருட்டப்பட்டது. அதைச் சின்ன போர்டில், காசு செல்லின் உலோகப் பிடிப்பானுக்குப் பக்கத்தில், படுக்கவைத்து ஒட்டினால் ஒத்திசைவு எங்கோ நகர்ந்துவிடும். கையை அருகே கொண்டுபோனாலே சிக்னல் ஏறி இறங்கும். அப்படி ஏறி இறங்கினால் உங்கள் கையும் ஆன்டெனாவின் ஒரு பாகமாகிவிட்டது என்று அர்த்தம்.

இருக்கிற போர்டிலேயே செய்யக்கூடிய மாற்றம் ஒன்று உண்டு. ஸ்பிரிங்கை எடுத்துவிடுங்கள். லான் கேபிளுக்குள் இருக்கும் ஒற்றைச் செம்புக் கம்பியில் 86 மிமீ நீளத்துக்கு இரண்டு துண்டு வெட்டுங்கள். ஒன்றை மாட்யூலின் ஆன்டெனா பேடில், அதாவது 9ஆம் காலில், சால்டர் செய்து நேராக மேலே நிமிர்த்துங்கள். அதற்கு ஒட்டினாற்போல் இருக்கும் 10ஆம் கால் கிரவுண்ட். இன்னொரு துண்டை அங்கே சால்டர் செய்து நேர் கீழே தொங்கவிடுங்கள். இப்போது உங்களிடம் இருப்பது கிட்டத்தட்ட ஒரு டைபோல், அதாவது இரண்டு பாதியும் உள்ள முழு ஆன்டெனா. போர்டின் அளவு இனிமேல் அவ்வளவு முக்கியமில்லை. பிறகு மேல் கம்பியை ஒரு நேரத்தில் 1 மிமீ வெட்டி, 20 மீட்டர் தள்ளி அசையாமல் வைத்த ரிசீவரில் ஆர்எஸ்எஸ்ஐ (வந்துசேரும் சிக்னலின் பலம்) சராசரியைப் பாருங்கள். பிளாஸ்டிக் உறை கம்பியை மின்சார ரீதியாகக் கொஞ்சம் நீளமாக்கிவிடும் என்பதால் 80, 82 மிமீ அருகில் எங்காவது நிற்கும். ஆன்டெனா பொருத்தத்தை அளக்கும் நானோவிஎன்ஏ கருவி கிடைத்தால் பத்து நிமிட வேலை. இல்லாவிட்டாலும் வெட்டிப் பார்த்தே வந்துவிடலாம். கம்பியை வெட்டும்போது போர்டு அனுப்பிக்கொண்டிருக்க வேண்டாம். ஆன்டெனாவே இல்லாமல் அனுப்புவது இன்னும் கெட்ட பழக்கம்.

இரண்டு பக்கமும் கம்பி ஒரே திசையில் நிற்கவேண்டும். வீட்டில் நட்டுக்குத்தலாகவும் தோட்டத்தில் படுக்கையாகவும் இருந்தால் 20 டெசிபல் வரை போய்விடும். நீங்கள் அனுப்பிய விவரப்படி உங்களுடையது அப்படித்தான் இருக்கிறது.

உயரமும் கணக்கில் வரும். 250 மீட்டர் இணைப்பில், நடுவழியில், அலைக்குச் சுற்றிலும் சுமார் 4.6 மீட்டர் ஆரத்துக்கு இடம் தேவை. முதல் ஃப்ரெனல் மண்டலம் என்பது இதுதான். சென்சாரை முழங்கால் உயரத்தில் மோட்டார் பக்கத்தில் வைத்தால் அதில் பாதியை மண்ணே தின்றுவிடும். தென்னந்தோப்பில் ஒரு வசதி உண்டு. மட்டைகள் மேலே, புல்லும் செடியும் கீழே, இடையில் வெறும் தண்டுகள்தான். ஓரளவு காலியான அந்த அடுக்குக்குள், தரையிலிருந்து 3 மீட்டர் வாக்கில் ஆன்டெனா நின்றால் நல்லது. ஈர மட்டைகளுக்குள் மட்டும் கொண்டுபோய்ச் செருகாதீர்கள், தண்ணீர் அலையை விழுங்கும். மரத்தண்டிலும் நேரடியாக ஒட்ட வேண்டாம், ஒரு முழம் தள்ளி நிற்கட்டும். மோட்டார் ஸ்டார்ட்டரின் இரும்புப் பெட்டிக்குள் வைத்திருந்தால் அதை இன்றே வெளியே எடுங்கள். பிவிசி பெட்டி எவ்வளவோ மேல். வீட்டுப் பக்கம் ரிசீவரை மொட்டைமாடிக்கு ஏற்றுவது செலவில்லாத ஆதாயம். ரிசீவருக்குக் கொடுக்கிற மலிவு போன் சார்ஜரே இரைச்சல் போடும் சாமானாக இருக்கலாம், மாற்றிப் பாருங்கள்.

ரேஞ்ச் பற்றி இது போதும். இனி பேட்டரி. உங்கள் இரண்டு போர்டுகளிலும் சாவு வேறு வேறு விதம்.

காசு செல்லில் எழுதியிருப்பது 220 மில்லி ஆம்பியர் மணி. அதை 0.2 மில்லி ஆம்பியர் மாதிரி மெதுவாகக் குடித்தால்தான் அவ்வளவு கிடைக்கும். புது செல்லின் உள் மின்தடையே 10 முதல் 20 ஓம், தீரத்தீர ஏறும். ஆர்எஃப்எம்95 17 டிபிஎம்மில் 87 மில்லி ஆம்பியர் இழுக்கும், 20 டிபிஎம்மில் 120. 15 ஓம் என்று வைத்துக்கொண்டால் 87 மில்லி ஆம்பியருக்கு 1.3 வோல்ட் சரிவு. 3 வோல்ட் 1.7 ஆகிவிடுகிறது. பாக்கெட் பாதி போகும்போதே ஏடிமெகா ரீசெட். சும்மா இருக்கும்போது மல்டிமீட்டரில் பார்த்தால் செல் 2.9 வோல்ட் காட்டும், நாம் கோடைத் திட்டிக்கொண்டிருப்போம்.

"100 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் போட்டிருக்கிறேனே" என்று எழுதியிருந்தீர்கள். கணக்கைப் பாருங்கள். 20 பைட் பாக்கெட், எஸ்எஃப்7இல் காற்றில் இருப்பது 57 மில்லி வினாடி. 87 மில்லி ஆம்பியர் அவ்வளவு நேரம் ஓடினால் சுமார் 5 மில்லி கூலும். அரை வோல்ட் சரிவுக்குள் அதைக் கெபாசிட்டர் தரவேண்டும் என்றால் 10,000 மைக்ரோஃபாரட் வேண்டும். அது செல்லைவிடப் பெரிய டப்பா. எஸ்எஃப்12 என்றால் அதே பாக்கெட்டுக்கு 1.3 வினாடி ஆகும், பேச்சே வேண்டாம். காசு செல்லில் லோரா ஓடவே ஓடாது என்று சொல்லமாட்டேன், சக்தியை நன்றாகக் குறைத்துக்கொண்டு ஓட்டுபவர்கள் உண்டு. உங்கள் 250 மீட்டருக்கு அந்தத் தலைவலி தேவையில்லை.

இரண்டு ஏஏ செல் போடுங்கள், ரெகுலேட்டரே இல்லாமல். புதிதில் 3.2 வோல்ட், தீரும்போது 2 வோல்ட் பக்கம். மாட்யூல் 1.8 முதல் 3.7 வரை தாங்கும், பிஎம்இ280 3.6 வரை. ஏடிமெகாதான் கொஞ்சம் கவனம் கேட்கும்: 8 மெகாஹெர்ட்ஸில் ஓட 2.4 வோல்ட்டாவது வேண்டும், 4 மெகாஹெர்ட்ஸ் என்றால் 1.8 போதும். சென்சார் படித்து அனுப்பும் வேலைக்கு 4 தாராளம். செல்லை அடிமட்டம் வரை பிழிந்துகொள்ளலாம். சார்ஜ் செய்கிற மாதிரிதான் வேண்டும் என்றால் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல் ஒன்று, அதுவும் ரெகுலேட்டர் இல்லாமல். சார்ஜரிலிருந்து எடுத்துக் கொஞ்ச நேரம் விட்டால் 3.4 பக்கம் இறங்கி நிற்கும், அதற்குப் பிறகு போர்டில் மாட்டுங்கள்.

18650 போர்டின் கதைக்கு ஏஎம்எஸ்1117 ஒன்றே போதும். தான் உயிரோடிருக்க மட்டும் சுமார் 5 மில்லி ஆம்பியர் தின்னும். ஒரு நாளைக்கு 120 மில்லி ஆம்பியர் மணி. 2500 கொள்ளளவுள்ள செல் 21 நாளில் காலி. நீங்கள் சொன்ன மூன்று வாரம் அப்படியே வந்துவிட்டது பாருங்கள். அது போதாதென்று, அந்த ரெகுலேட்டருக்கு உள்ளே வரும் வோல்டேஜ் வெளியே போவதைவிட 1.1 வோல்ட்டாவது கூடுதலாக இருக்கவேண்டும். 3.7இல் இருக்கும் செல்லுக்கு வெளியே 2.6தான் கிடைக்கும். ஏடிமெகாவின் பிரவுன் அவுட் அளவை (வோல்டேஜ் இதற்குக் கீழே போனால் சிப்பை ரீசெட் செய்யும் எல்லை) 2.7இல் வைத்திருந்தீர்களானால் செல்லில் பாதி மின்சாரம் மிச்சமிருக்கும்போதே போர்டு படுத்துவிடும். அந்த இடத்தில் எம்சிபி1700 போடுங்கள்: 1.6 மைக்ரோ ஆம்பியர், 250 மில்லி ஆம்பியர் வரை தரும். அதன் பேக்கேஜ் வேறு, நேரடியாக மாற்ற முடியாது; பார்த்துச் செய்யுங்கள்.

மற்ற திருடர்கள் சின்னவர்கள். பவர் எல்இடி 1 மில்லி ஆம்பியருக்கு மேல் எரிக்கும், பிடுங்கிவிடுங்கள். ரேடியோவை வேலை முடிந்ததும் ஸ்லீப்புக்கு அனுப்பவேண்டும். பல நிரல்களில் பாக்கெட் போனதும் அது ஸ்டாண்ட்பையில் நின்றுவிடும், அங்கே 1.6 மில்லி ஆம்பியர். ஸ்லீப்பில் 0.2 மைக்ரோ ஆம்பியர்தான். எட்டாயிரம் மடங்கு வித்தியாசம், ஒரு வரி கோடு. ஏடிமெகாவில் வோல்டேஜ் அளக்கும் ஏடிசியை அணைத்து, தூங்கும்போது பிரவுன் அவுட்டையும் அணைத்து, வாட்ச்டாக் என்ற உள் டைமரில் எழுப்பினால் 5 மைக்ரோ ஆம்பியர் பக்கம் வரும். வாட்ச்டாக் அதிகபட்சம் 8 வினாடிதான் தூங்கவிடும், பத்து நிமிடத்துக்கு எழுபத்தைந்து தடவை கண் விழித்துப் படுக்கும். பரவாயில்லை. பேட்டரி அளக்க இரண்டு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டிருக்கிறீர்கள், அது எந்நேரமும் 200 மைக்ரோ ஆம்பியர் ஒழுகும் குழாய். ரெகுலேட்டர் இல்லாத போர்டில் அது தேவையே இல்லை. ஏடிமெகாவின் உள்ளே இருக்கும் 1.1 வோல்ட் ஆதாரத்தை அளந்து, அதிலிருந்து சப்ளை வோல்டேஜைத் திருப்பிக் கணக்கிடலாம்.

எல்லாம் சரியாக இருந்தால் மொத்தத் தூக்கம் 10 மைக்ரோ ஆம்பியருக்குள். நாளுக்கு 0.24 மில்லி ஆம்பியர் மணி. பத்து நிமிடத்துக்கு ஒரு பாக்கெட், எஸ்எஃப்7, 17 டிபிஎம் என்றால் அனுப்புவதற்கு நாளுக்கு 0.2. இரண்டும் சேர்ந்தாலும் அரைகூட இல்லை. ஏஏ செல்கள் வருடக் கணக்கில் ஓடும், அதற்குள் செல்லே கசிய ஆரம்பித்துவிடும் என்பதுதான் கவலை. இதே பாக்கெட்டை எஸ்எஃப்12, 20 டிபிஎம்மில் அனுப்பினால் நாளுக்கு 6.3. "ரேஞ்ச் வரவில்லையா, எஸ்எஃப்பை ஏற்று" என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கைச் சொல்வதில்லை.

தூக்க மின்னோட்டத்தை அளப்பதில் ஒரு சங்கடம் உண்டு. மல்டிமீட்டரை மைக்ரோ ஆம்பியர் ரேஞ்சில் தொடரில் போட்டால், போர்டு விழித்து அனுப்பும் நொடியில் மீட்டருக்குள்ளேயே வோல்டேஜ் விழுந்து போர்டு ரீசெட் ஆகும். உடனே மறுபடி விழிக்கும், மறுபடி விழும். மீட்டரின் இரண்டு முனைகளுக்குக் குறுக்கே ஒரு சின்ன சுவிட்ச் போடுங்கள். சுவிட்சை மூடி, போர்டை எழுப்பி, ஒரு பாக்கெட் போகவிட்டு, அது தூங்கியபின் சுவிட்சைத் திறந்தால் மீட்டரில் எண் அசையாமல் நிற்கும். 10 எதிர்பார்த்த இடத்தில் 30, 40 என்று ஆடிக்கொண்டிருந்தால் ஃப்ளக்ஸைக் (சால்டர் ஒட்ட உதவும் பசை) கழுவினீர்களா என்று பாருங்கள். ஈரப்பதமுள்ள நாளில் கழுவாத ஃப்ளக்ஸ் மின்சாரம் கடத்தும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலும் பழைய பல் தேய்க்கும் பிரஷும் போதும். பிஎம்இ280இன் மூடியில் இருக்கும் துளைக்குள் மட்டும் போகவிடாதீர்கள், ஈரப்பத அளவு கெட்டுவிடும்.

போர்டை மறுபடி வரையப் போகிறீர்கள் என்றால் சில யோசனைகள். முதலில், இதைவிடச் சின்னதாக்கும் ஆசையை விடுங்கள். 0603 அளவுக்குப் பதில் இன்னும் சின்ன 0402 பாகங்கள் போட்டு என்ன மிச்சம்? போர்டின் அளவைத் தீர்மானிப்பது பேட்டரியும் ஆன்டெனாவும்தான். சதுரமாக வைக்காமல் 20க்கு 60 மிமீ என்று நீட்டுங்கள். ஒரு முனையில் மாட்யூல், அதன் 9ஆம் கால் போர்டின் வெளி மூலையைப் பார்த்து. கம்பி அங்கிருந்து நீளவாக்கில் வெளியே போகட்டும். மறு முனையில் பிஎம்இ280, அதைச் சுற்றி மூன்று பக்கம் போர்டில் ஒரு பிளவு வெட்டுங்கள், மற்ற பாகங்களின் சூடு அங்கே போகாது. அடிப்பக்கம் முழுக்கக் கிரவுண்ட், டிராக்குகள் எல்லாம் மேலே. தவிர்க்கமுடியாமல் கீழே ஒன்று போனால் குட்டையாகப் போய் உடனே மேலே ஏறட்டும். மாட்யூலின் 3.3 வோல்ட் காலை ஒட்டி 100 நானோஃபாரட்டும் 10 மைக்ரோஃபாரட்டும்.

ஆன்டெனாவுக்குப் போகும் 50 ஓம் டிராக் பற்றிப் பலர் பயமுறுத்துவார்கள். 1.6 மிமீ தடிமனுள்ள சாதாரண எஃப்ஆர்4 இரண்டடுக்கு போர்டில் 50 ஓம் என்றால் டிராக் 3 மிமீ அகலம். ஆனால் போர்டுக்குள் உங்கள் அலைநீளம் 190 மிமீ போல. அதில் பத்தில் ஒரு பங்குக்கும் மிகக் குறைவாக, 4, 5 மிமீ நீளம் மட்டும் டிராக் இருந்தால் அகலம் கொஞ்சம் முன்னே பின்னே இருப்பதால் ஒன்றும் ஆகாது. மாட்யூலை நடுவில் வைத்துவிட்டு டிராக்கை 30 மிமீ இழுத்துக்கொண்டு போகிறவர்களுக்குத்தான் அந்தக் கணக்கு.

ரேடியோவைத் தேர்ந்தெடுக்கும் என்எஸ்எஸ் காலுக்கு 10 கிலோ ஓம் புல் அப் (சப்ளையோடு மேலே இழுத்துப் பிடிக்கும் ரெசிஸ்டர்) கட்டாயம். ஏடிமெகாவுக்கு நிரல் ஏற்றுவதும் ரேடியோவோடு பேசும் இதே எஸ்பிஐ வழியில்தான். புல் அப் இல்லையென்றால் அந்த நேரத்தில் ரேடியோவும் வாயைத் திறந்து இரண்டும் மோதிக்கொள்ளும். நிரல் ஏற்றும் யுஎஸ்பிஏஎஸ்பி 5 வோல்ட்டில் இருந்தால் மாட்யூல் போச்சு, ஜம்பரை 3.3க்கு மாற்றிவிட்டுச் செருகுங்கள். ரேடியோவின் ரீசெட் காலை நிலையாக மேலே இழுக்க வேண்டாம். பவர் வரும்போது அது எதோடும் ஒட்டாமல் இருக்கவேண்டும். ஏடிமெகாவோடு இணைத்து, தேவைப்படும்போது மட்டும் கீழே இழுத்தால் போதும்.

மாதிரிக்குப் பார்க்க வேண்டுமானால் நெதர்லாந்தின் ஜான் கிளாட் விப்ளர் செய்த ஜீநோடும், ஃபெலிக்ஸ் ருசுவின் மோட்டினோவும் (இரண்டும் சின்ன ரேடியோ போர்டுகள்) நல்ல பாடங்கள். ஜீநோடில் இருந்தது லோராவுக்கு முந்தைய ஆர்எஃப்எம்12பி மாட்யூல்தான். ஆனாலும் ஒரு ஏடிமெகாவையும் ஒரு ஹோப்ஆர்எஃப் கம்பெனி மாட்யூலையும் வைத்துக்கொண்டு செல்லை எவ்வளவு சிக்கனமாகச் செலவழிக்கலாம் என்பதில் இன்றைக்கும் அதற்கு மேல் சொல்ல அதிகமில்லை. எஸ்எக்ஸ்1262 உள்ள புது மாட்யூல்கள் கேட்கும்போது பாதிக்கும் குறைவாகவே மின்சாரம் எடுக்கும். நல்லவைதான். உங்கள் போர்டு கேட்பதே இல்லை, அனுப்பிவிட்டுத் தூங்குகிறது. அதனால் மாறுவதில் உங்களுக்குப் பெரிய லாபம் கிடையாது.

சால்டரிங் பற்றி ஒரு பத்தி. ஏடிமெகாவின் 0.8 மிமீ கால்களை நீங்கள் ஒட்டியிருக்கும் படத்தைப் பார்த்தேன், சுத்தமாக இருக்கிறது. மாட்யூல்தான் சரியில்லை. அதன் விளிம்பில் இருக்கும் அரைவட்டக் கால்கள் 2 மிமீ இடைவெளி, எளிதானவை. ஒரு மூலைக் காலில் மட்டும் முதலில் கொஞ்சம் ஈயம் வைத்து மாட்யூலை உட்காரவையுங்கள், நேராக இருக்கிறதா பாருங்கள், பிறகு எதிர் மூலை, பிறகு மற்றவை. கிரவுண்ட் கால்களில்தான் ஏமாற்று வேலை நடக்கும். அடியில் இருக்கும் செம்புப் பரப்பு சூட்டை உறிஞ்சிக்கொள்வதால் ஈயம் மேலே உருண்டு பளபளப்பாக நிற்கும், பேடில் ஒட்டியிருக்காது. உங்கள் படத்தில் 10ஆம் கால் அப்படித்தான் தெரிகிறது: அரைவட்டத்துக்குள் ஏறவேண்டிய ஈயம் வெளியே முத்து மாதிரி தொங்குகிறது. அகலமான முனை, 63/37 ஈயம், தாராளமாக ஃப்ளக்ஸ், 350 டிகிரி. பேடில் முனையை வைத்து எண்ணி மூன்று நொடி காத்திருந்து பிறகு ஈயம் ஊட்டுங்கள். ஆன்டெனாவுக்குப் பக்கத்துக் கிரவுண்டே தொடாமல் இருந்தால் நான் மேலே சொன்ன ஆன்டெனா கணக்கெல்லாம் வீண். அடுத்த போர்டில் கிரவுண்ட் பேடுகளுக்குத் தெர்மல் ரிலீஃப் (செம்புப் பரப்போடு மெல்லிய இணைப்புகள் மட்டும்) கொடுத்துவிடுங்கள்.

ஒட்டி முடித்ததும் ரேடியோ உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, ஹெக்ஸ் 42 என்ற ரெஜிஸ்டரைப் படியுங்கள். ஹெக்ஸ் 12 வந்தால் எஸ்பிஐ சரி, சிப் சரி. 00 அல்லது எஃப்எஃப் வந்தால் சால்டரிங்கைப் பாருங்கள், லைப்ரரியை மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம்.

ஆக, இந்த வாரம் பழைய போர்டிலேயே செய்யவேண்டியது: 10ஆம் காலை மறுபடி சால்டர் செய்வது, கோடில் 866.5ம் பிஏ பூஸ்ட்டும், இரண்டு கம்பி ஆன்டெனா, அடியில் காசு செல்லுக்குப் பதில் ஒயர் இழுத்து இரண்டு ஏஏ. இந்த வரிசையிலேயே செய்து, ஒவ்வொன்றுக்கும் பின் அதே 20 மீட்டரில் ஆர்எஸ்எஸ்ஐயைக் குறித்துவைத்தால் காணாமல் போன டெசிபல் எங்கே இருந்தது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். பிறகு மோட்டார் அறைக்குக் கொண்டுபோங்கள். தடையே இல்லாத வெளியாக இருந்தால் 250 மீட்டரில் ஆர்எஸ்எஸ்ஐ மைனஸ் 62 டிபிஎம் வரவேண்டும். மரங்களுக்கு நடுவே அது வராது. மைனஸ் 105க்கு மேல் இருந்தால் அப்படியே பெட்டியை மூடிவிடலாம். எஸ்எஃப்7க்கு இன்னும் 18 டெசிபல் மிச்சம் இருக்கும், தென்மேற்குப் பருவமழையில் மட்டைகள் நனையும்போது அது தேவைப்படும். மைனஸ் 115 பக்கம் நின்றால் முதலில் ஆன்டெனாவை ஒரு மீட்டர் ஏற்றிப் பாருங்கள், அதற்கும் அசையவில்லை என்றால் எஸ்எஃப்9.